இறங்காத அளவு

லாரி டயர் கடைக்காரனை அந்த வட்டாரத்து டிரைவர்கள் முகத்துக்கு நேராக அண்ணே என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பட்டாசு. எப்போது வெடிப்பான், யார் மேல் வெடிப்பான் என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை ஜாக்கி வழுக்குகிறது என்று ஜாக்கியையே எட்டி உதைத்தான். கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அந்தக் கோபத்துக்கும் அடி வாங்கியவள் அவன் மனைவிதான்.

அவளை எல்லாரும் டயரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ரிம்மில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட டயரை, லிவர் எனப்படும் இரும்புக் கம்பியைச் செருகி, ஒரே நெம்பில் கழற்றிவிடுவாள். கடை ஓடியது அவள் கையால். அவன் கல்லாவில் உட்கார்ந்து கத்துவான்.

மார்பில் கட்டி வந்தபோது ஒரு பக்கத்தை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், கரண்ட் எனப்படும் கதிர்வீச்சு வைத்தார்கள். முடி கொட்டி மறுபடி முளைத்தது. அதன் பிறகுதான் நீண்ட வைத்தியம் தொடங்கியது. டாக்டரம்மா அவளுக்குப் புரியும்படி சொன்னார்.

"உங்க கட்டிக்கு ஹார்மோன்தான் தீனி. மாசா மாசம் போடுற ஊசி சினைப்பையைத் தூங்க வைக்கும். மிச்ச உடம்பு சுரக்கறதை இந்த மாத்திரை நிறுத்தும். தீனி நின்னுச்சான்னு அப்பப்போ ரத்தம் எடுத்து அளவு பாப்போம். சரியா?"

"சரிங்கம்மா. பட்டினி போட்டே கொன்னுடலாம்" என்று சிரித்தாள் அவள்.

மாத்திரை அவளைத்தான் முதலில் பதம் பார்த்தது. திடீர் திடீரென்று உடம்பு தணலாகக் கொதித்தது. விரல்கள் விறைத்துக்கொண்டன. காலையில் டீ டம்ளரைக் கூடப் பிடிக்க முடியவில்லை. மாத்திரை அட்டையை அமுக்கக்கூட விரலில் வலு இல்லை.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. நோய் வந்ததிலிருந்து அவன் அவள் மேல் கை ஓங்கவில்லை. இப்போது தினமும் காலையில் டீ போட்டு எடுத்து வந்தான். மாத்திரையைப் பிரித்து அவள் நாக்கில் வைத்தான். "முழுங்கு" என்று தலையைத் தடவினான். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டும் அவள் தங்கச்சியே அதைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"என்னக்கா, மாமாவுக்குப் பேய் பிடிச்சிருக்கா?"

"இருந்த பேய் இறங்கிருச்சுடி" என்றாள் அக்கா. அவள் முகம் சிவந்திருந்தது. அது மாத்திரையின் சூட்டால் அல்ல.

சில வாரங்களில் விரல்கள் இளகின. சூடு அடங்கியது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று நினைத்தாள். மறுபடியும் லிவரைப் பிடித்தாள். கடை வாசலில் லாரிகள் நின்றன.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். சந்தேகம் தீர வேறு லேபிலும் பார்த்தார்கள். அதே முடிவு.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களாம்மா?"

"ஐயோ, ஒரு நாள் கூட விட்டதில்லைங்க."

"அளவு இறங்கலையே. ஊசி வேலை செய்யுது, சினைப்பை தூங்குது. அது தெளிவாத் தெரியுது. மாத்திரைதான் உள்ள போன மாதிரி இல்ல. மூட்டு வலி எப்படி இருக்கு?"

"அதெல்லாம் போயே போச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மாத்திரையை எடுத்துத் தர்றது யாரு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை கடையின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. வெளியே ஒரு லாரி டிரைவர் பஞ்சரான டயரை உருட்டிக்கொண்டு காத்திருந்தார். அவன் டீயோடு வந்து மாத்திரையை நீட்டினான். அவள் அதை விழுங்காமல் கடித்தாள். இனித்தது. பார்க்க அதே போலிருந்த, எந்தக் கடையிலும் கிடைக்கும் சத்து மாத்திரை. மடியிலிருந்து அட்டையை எடுத்து, தன் விரலாலேயே ஒன்றைப் பிரித்துக் கடித்துப் பார்த்தாள். கசந்தது.

"இத்தனை நாளா என்னத்தைக் குடுத்தீங்க?"

அவன் முதலில் முழித்தான். பிறகு, "ராத்திரியெல்லாம் அழுதியே, அதைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? வலி போச்சா இல்லையா?" என்றான்.

"நோய் திரும்பி வந்தா?"

"வந்தா அப்போ பாத்துக்கலாம். எவளோ ஒருத்தி நம்பரைக் காட்டினா நம்பிடறதா?"

"அட்டையில குறையற மாத்திரை எங்க போச்சு?"

"சாக்கடைல." அவன் குரல் ஏறியது. "கை விழுந்துபோன பொம்பளையை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணுறது? கடையை நடத்தவா, உனக்குப் பொங்கிப் போடவா?"

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். "என் கைதான் உனக்கு வேணும். நான் செத்தாலும் பரவாயில்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல்முறை.

"என்னது, நீயா?"

அறை கன்னத்தில் இறங்கியது. டீ டம்ளர் சிதறியது. இரண்டாவது அடி, முஷ்டி மடக்கி, தையல் போட்ட பக்கத்தில் விழுந்தது. உள்ளே எதையோ பிய்த்து எடுத்தது போல மூச்சு நின்றது. அவள் டயர் அடுக்கின் மேல் சாய்ந்தாள். அவன் முடியைப் பிடிக்கக் கையை வீசினான். புதிதாக முளைத்த குட்டை முடி பிடிக்குள் நிற்காமல் நழுவியது.

அந்த இடைவெளியில் அவள் கை லிவரைத் தொட்டது.

முதல் வீச்சு அவன் முன்கையில் விழுந்தது. பச்சை மரக்கிளை ஒடிவது போலச் சத்தம் கேட்டது. அவன் அலறிக்கொண்டே மறு கையால் அவள் கழுத்தைப் பிடித்தான். அடுத்த வீச்சு கால் முட்டியில். அவன் எண்ணெய்த் தரையில் விழுந்து புரண்டான். அவள் மேலே நின்று, இரண்டு கையாலும் லிவரைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

ஷட்டருக்கு அடியில் குனிந்து ஓடி வந்த டிரைவர் பின்னாலிருந்து கம்பியைப் பிடித்தார். "அக்கா! வேணாக்கா! செத்துருவான்!"

"சாகட்டும்."

"நீ உள்ள போயிருவேக்கா!"

அவர் கனமான ஆள். இருந்தும் அவள் விரல்களைக் கம்பியிலிருந்து பிரிக்க அவரால் முடியவில்லை. வலியில்லாத விரல்கள். அவளே மெல்ல இறக்கினாள்.

காவல் நிலையத்தில் அதிகாரி கேட்டார், "மாத்திரையை மாத்தினதுக்காக மனுஷன் கையை உடைப்பியா?" டாக்டரம்மா நேரில் வந்து, அளவு இறங்காததற்கு என்ன அர்த்தம் என்று நிதானமாகச் சொன்னார். அதிகாரி அதற்குமேல் அப்படிக் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் வழக்குப் பதிவானது. அவன் தன் தம்பி வீட்டுக்குப் போனான். தங்கச்சி பெட்டியோடு இங்கே வந்தாள்.

உண்மையான மாத்திரை உள்ளே போனதும் வலி திரும்பி வந்தது. அவள் கத்தரியால் அட்டையை வெட்டி மாத்திரையை எடுத்தாள். நெம்பும் வேலைக்கு ஒரு ஆளை வைத்தாள். அடுத்த பரிசோதனையில் அளவு தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை.

"அந்த மாசங்க உள்ள என்ன பண்ணுச்சுன்னு என்னால சொல்ல முடியாது. தொடர்ந்து பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார் டாக்டரம்மா. பொய்யான ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு அவன் ஒரு நண்பகலில் குடித்துவிட்டுக் கடைக்கு வந்தான். "என் கடைடி இது" என்று கத்தியை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரின் காற்றுக் குழாயை அறுத்தான். அறுந்த குழாய் பாம்பாகச் சீறி, சுழன்று வந்து அவன் வாயிலேயே அறைந்தது. உதடு கிழிந்தது. ரத்தம் சட்டையில் கொட்டியது. அப்படியும் அவன் கத்தியோடு அவளை நோக்கி வந்தான். வாசலில் நின்றிருந்த டிரைவர்கள் பாய்ந்தார்கள். கத்தியைப் பிடுங்கி எறிந்தார்கள். பிறகு அடித்தார்கள், மிதித்தார்கள். அவள் கம்ப்ரசரை அணைத்துவிட்டு, பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் கெஞ்ச ஆரம்பித்த பிறகும் அவர்களைத் தடுக்கவில்லை.

"போதும், விடுங்க" என்றாள் கடைசியில்.

"பாவம்னு பாக்கறியாக்கா?"

"பாவமெல்லாம் இல்ல. என் கடை வாசல்ல பொணம் வேணாம்."

போலீஸ் வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. இந்த முறை உள்ளே வைத்தார்கள். அதன் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவே இல்லை.

அவனை ஏற்றிக்கொண்டு போன அன்று மாலை தங்கச்சி பஸ்ஸை விட்டுவிட்டு வந்தபோது, அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"அவனுக்கா அழுவுறே? உனக்கென்ன பைத்தியமா?"

"அடிச்சதெல்லாம் மறந்துருவேன்டி" என்றாள் அக்கா. "நாக்குல மாத்திரை வச்சுத் தலையைத் தடவுவானே. தினமும் காலையில அதுக்காகவே காத்துக்கிட்டு இருந்தேன்."

தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து, அக்காவின் வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.