இஞ்சின் தொட்டியில் வந்த பேச்சு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம், மைசூரில் அக்ரஹாரம் தாண்டி நஞ்சன்கூடு ரோட்டில் இருந்த ரத்தினசாமியின் மாவு மில்லில், டீசல் இஞ்சினின் தண்ணீர்த் தொட்டி பேச ஆரம்பித்தது. அந்த மாதம் ராகி விலை இறங்கியிருந்ததால் மில்லில் கூட்டம் இருந்தது. கேட்டவர்களும் நிறையப் பேர். இஞ்சினைக் குளிர்விக்கும் அந்த இரும்புத் தொட்டியின் அடியிலிருந்து குமிழிகள் கிளம்பின. மேலே வந்து உடையும்போது ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பேச்சு இரைச்சலையும் மீறித் தெளிவாகக் கேட்டது. எல்லாம் அந்த மில்லுக்குள் எப்போதோ பேசப்பட்டு, இஞ்சின் சத்தத்தில் யார் காதிலும் விழாமல் போனவை. கௌரம்மா என்ற விதவை, செத்துப்போன தன் புருஷன் மாவு நைசாக இல்லையென்று கன்னடத்தில் சலித்துக்கொள்வதைக் கேட்டுவிட்டு, மறுநாள் அரைக்க ஒன்றுமில்லாமலே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மில்லில் இஞ்சினை ஓட்டும் கெம்பையனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை வருவதைப் பார்த்தான். ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்தான். மோர் மாதிரி வெளுத்திருந்தது. ராகியைக் கொட்டினால் இஞ்சின் இழுக்கத் திணறியது.

“ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்க, இஞ்சின் மூடிக்கு அடியில இருக்கற செப்புத் தகடு” என்றான். “உள்ள வெடிக்கிற காத்து தொட்டித் தண்ணிக்குப் போகுது, தண்ணி ஆயில்ல எறங்குது. ஹெட்டைக் கழட்டி வேற போட்டாத்தான் ஆகும்.”

“ஓடற வரைக்கும் ஓடட்டும்” என்றார் ரத்தினசாமி.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி மாதேவி தினமும் கெம்பையனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுத்துவிட்டு இஞ்சின் பக்கத்தில் சற்று நின்று பேசுவாள். மறுகோடியில் ராகி கொட்டும் இடத்திலிருந்து ரத்தினசாமி பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு வாயும் அசையும்; ஒரு சொல்லும் எட்டாது. சில நாள் மாதேவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. என்ன பேசினாய் என்று ஒருமுறை கேட்டதற்கு, இஞ்சினைப் பற்றித்தான் என்றாள். இஞ்சினில் சிரிக்க என்ன இருக்கிறது? முடிவெட்டும் கடைக் கண்ணாடியில் அவள் உதடு போலவே தன் உதட்டைக் குவித்தும் விரித்தும் பார்த்தார். எந்தச் சொல்லைப் போட்டாலும் பொருந்தியது. அதுதான் அவரைத் தின்றது. கெம்பையன் காபி குடித்த டம்ளரை யாரும் பார்க்காதபோது அவர் கல்லில் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து, அது நசுங்கியே போனது.

இப்போது அந்தச் சொற்கள் தாமாக வருகின்றன. ஸ்டூலைத் தொட்டியோரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மழை, பல்வலி, காணாமல் போன கன்றுக்குட்டி என்று ஊர்ப் பேச்செல்லாம் வந்தது. ஒரு நாள் கெம்பையன் குரலில், “நீங்க சொல்லுங்க” என்று மட்டும் வந்தது. யாரிடம் சொன்னான் என்று அந்த வாரம் முழுக்க யோசித்தார். பிறகு ஒரு குமிழியில் மாதேவி, “அதெல்லாம் அவருக்குத் தெரியாது” என்றாள். அன்று அவர் சாப்பிடவில்லை. மாவு கொரகொரப்பாக விழுந்தது, கூட்டம் வேறு மில்லுக்குப் போனது, தொட்டியில் கைவைக்க முடியாதபடி தண்ணீர் கொதித்தது. கெம்பையன் சொல்லிப் பார்த்தான். அவர் அசையவில்லை.

ஒரு நாள் மத்தியானம் மாதேவி அவரைச் சாப்பிடக் கூப்பிட வந்து பின்னால் நின்றபோது, பெரிய குமிழி ஒன்று வந்து உடைந்தது. வந்தது ரத்தினசாமியின் குரல். “இவளுக்குப் பதிலா இவ தங்கச்சி சித்தம்மாவைக் கட்டியிருக்கலாம்.”

எப்போது, எந்த எரிச்சலில் முணுமுணுத்தது என்று அவருக்கே ஞாபகமில்லை. திரும்பிப் பார்த்தார். மாதேவி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கெம்பையனிடம் திரும்பி, “ஹெட்டைக் கழட்டு” என்றாள். இந்தத் தடவை ரத்தினசாமி மறுக்கவில்லை.

ஹெட்டைத் தூக்கியபோது, செப்புக் கேஸ்கட்டில் சிலிண்டர் ஓட்டையிலிருந்து தண்ணீர்த் துளை வரைக்கும் விரல் அகலத்துக்குக் கருகிக் கிடந்தது. கெம்பையன் இரு முகத்தையும் சுரண்டித் துடைத்து, சமமாகத் தேய்த்து, புதுக் கேஸ்கட்டை வைத்து, நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். ஆயிலை மாற்றி இஞ்சினைக் கிளப்பினான். புகை தெளிந்தது, தொட்டி அடங்கியது. எலுமிச்சம்பழ அளவில் ஒரு குமிழி மட்டும் உடையாமல் தண்ணீர்மேல் நின்றது. உள்ளே யாரோ வாயைப் பொத்திச் சிரிப்பது போல அது லேசாக நடுங்கியது.

“அது என்னுதுதானுங்க” என்றாள் மாதேவி. “வேணும்னா ஒடைச்சுக் கேட்டுக்கங்க.”

ரத்தினசாமி விரலை நீட்டினார். கெம்பையன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். உள்ளே இருப்பது வெறும் இஞ்சின் பேச்சாக இருந்துவிட்டால் சந்தேகப்பட்ட இத்தனை வருஷத்தை என்ன செய்வது, இல்லாவிட்டால் இனி வரும் வருஷங்களை என்ன செய்வது என்று இரண்டு எண்ணமும் ஒருசேர வந்தன. விரலை மடக்கிக்கொண்டார்.

அதன்பிறகு சித்தம்மா ராமாபுரத்திலிருந்து வரும்போதெல்லாம் மாதேவி வாசலிலேயே நின்று, அவளும் ரத்தினசாமியும் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனித்தாள். கௌரம்மா மட்டும் சில மாதம் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். யுத்தம் முடிகிற சமயத்தில் மில்லுக்கு மின்சாரம் வந்தது. இஞ்சினை யாரோ வாங்கிப் போனார்கள், கெம்பையனும் அதோடு போனான். தொட்டியைக் கொல்லையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வைத்துக்கொண்டார்கள். குமிழி அதில் அப்படியே இருந்தது. முதலில் மிரண்ட மாடுகள், பிறகு மூக்கால் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குடிக்கப் பழகிக்கொண்டன.