பின்தொடையில் ஒரு குண்டு

ஜெனரல் ஹோல்கம் காலை உணவுக்கு வாத்துத் தொடையைக் கடித்துக்கொண்டிருந்தார். நேற்றைய சண்டையில் ஓடையில் விழுந்த பையன்களை இன்னும் முழுதாகப் புதைத்து முடிக்கவில்லை. வெயில் ஏற ஏற அந்த நாற்றம் கூடாரத்துக்குள்ளும் வந்தது. அவருடைய பசியை அது ஒன்றும் கெடுக்கவில்லை. எதிரே நின்ற சைலஸ் டார்ட்தான் சட்டைக் கையால் மூக்கை மூடிக்கொண்டான். அவன் அவருடைய உதவி அதிகாரி. கடல் தாண்டி இருந்து ஆளும் ராஜாவின் ஆட்சி இனி வேண்டாம் என்று கனெக்டிகட்டில் பண்ணையை விட்டுவிட்டுப் போருக்கு வந்தவன், இந்த மனிதரின் கோட்டுக்குப் பொத்தான் தேடியே பாதிப் போரைக் கழித்திருந்தான்.

"உன் குதிரை எப்படிடா இருக்கு?"

"பின்தொடையில குண்டு பட்டிருக்கு, ஐயா. ஆழமில்ல. நல்லா நடக்குது."

நேற்று ஜெனரலின் குதிரை நொண்டியதால் சைலஸ் தன் குதிரை கிளோவரைக் கொடுத்திருந்தான். அவன் வீட்டுத் தொழுவத்தில் பிறந்த பெட்டை அது. முதல் பீரங்கி வெடித்ததுமே ஜெனரல் அதைத் திருப்பி, பின்னால் இருந்த மாவு ஆலையைப் பார்த்து விரட்டினார். கர்னல் ஃபிச்தான் ஓடையைக் காத்து நின்றார். நின்ற இடத்திலேயே செத்தார். சாயங்காலம் கிளோவரின் காயத்தைப் பார்த்த சார்ஜெண்ட் ஒருவன், "எதிரிக்கு மூஞ்சியக் காட்டியிருந்தா மார்புல பட்டிருக்கும். இது புறமுதுகு காட்டி வாங்குன பதக்கம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சைலஸும் சிரித்தான். பிறகு, தான் யாருக்கு ஊழியம் செய்கிறோம் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டான்.

"மத்தியானம் நம்ம காங்கிரஸ் சபையிலேர்ந்து பெரிய மனுஷங்க வர்றாங்க," என்றார் ஜெனரல். "போன சண்டையில தளபதி வார்னர் ஏறியிருக்கும்போதே அவனுக்கு ரெண்டு குதிரை செத்துச்சாம். அதுக்கப்புறம் எல்லா விருந்துலயும் அவன் பேரச் சொல்லித்தான் குடிச்சானுங்க. எனக்கு ஒண்ணுகூட சாகலேன்னா என்னடா மரியாதை?"

படையில் அப்படி ஒரு வழக்கம். ஏறியிருந்த குதிரை செத்தால் தளபதிக்குப் பெருமை. குதிரையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

விரலை நக்கிவிட்டு அவர் கைத்துப்பாக்கியை மேஜையில் தள்ளினார். "ஓடைப்பக்கம் கொண்டுபோய் மார்புல ஒண்ணு போடு. ஃபிச்சோட ஆளுங்க முதல்ல ஓடுனாங்க, தடுக்கப் போன இடத்துல என் குதிரை விழுந்துச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். நீ தலையாட்டினாப் போதும்."

"செத்தவங்க மேலயா ஐயா பழி?"

"செத்தவன் எழுந்து வந்து இல்லேங்கவா போறான்? நீ என் வீட்டுப் பிள்ளை மாதிரிடா. பொழுது சாயறதுக்குள்ள உன்னை மேஜர் ஆக்கிடறேன். மாட்டேன்னா மூட்டையக் கட்டு. வேற எந்தத் தளபதியும் உன்னைச் சேக்காம நான் பாத்துக்கிறேன்."

மேஜர் என்ற சொல்லைக் கேட்டதும் சைலஸின் வாயில் எச்சில் ஊறியது. வாத்தைக் கடிக்கிறவரைவிட அந்த எச்சில்தான் அவனுக்கு அதிக அருவருப்பாக இருந்தது. ஆனாலும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டான்.

ஓடைக்கரையில் ஃபிச்சின் ஆட்களைக் குழியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சிலும் நெற்றியிலும் காயங்கள். ஒருவனுக்குக்கூட முதுகில் இல்லை. கிளோவர் ஆப்பிள் கிடைக்குமா என்று அவன் சட்டைப்பையை மோந்தது. துப்பாக்கி முனையையும் மோந்துவிட்டுத் தும்மியது. இந்த வாயில்லா ஜீவனும் குழியில் கிடப்பவர்களும் சேர்ந்து ஒரு கோழைக்கு மாலை போட வேண்டுமா என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

அவன் துப்பாக்கியை ஓடைச் சேற்றில் வீசினான். கிளோவரைத் திரும்ப நடத்திவந்து, ஜெனரலின் கூடாரத்துக்கு முன்னால் இருந்த கொடிக்கம்பத்தில் கட்டினான். தலை கூடாரத்தைப் பார்த்து, பின்பக்கம் சாலையைப் பார்த்து.

சார்ஜெண்ட் வந்து பார்த்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, காயத்தை மறைத்திருந்த சேற்றை நிதானமாகக் கழுவிவிட்டான்.

"டேய் சைலஸ், வெடிச் சத்தமே கேக்கலையே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சாலைத் திருப்பத்தில் பெரிய மனிதர்களின் வண்டி புழுதியோடு தெரிந்தது. கிளோவர் ஈயை விரட்ட வாலைத் தூக்கியது.