கேள்விக்கு முந்தி வந்த பதில்

"என் கீலு, என் பட்டறை, என் கேஸு. உன் தொண்டையை நம்பி இதை ஒப்படைக்கிறதுக்கு நானே பட்டறையை இழுத்துச் சாத்திட்டுப் போயிடலாம்" என்று பெரியவள் போட்ட சத்தம் எதிர்வீட்டு மாடிவரை கேட்டது. சின்னவள் உடனே வாயைத் திறந்து ஆவேசமாகப் பதில் சொன்னாள். கையை ஆட்டினாள், மேசையைத் தட்டினாள், ஆனால் சத்தம் எதுவும் வரவில்லை. பெரியவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் அந்தப் பதில் கூடத்தில் வந்து விழுந்தது: "அப்ப நான் எதுக்கு வக்கீலுக்குப் படிச்சேன், அக்கா?" அதற்குள் பெரியவளின் கோபம் பாதி ஆறியிருந்தது. அந்த வீட்டில் எந்தச் சண்டையும் முற்றாமல் போனதற்கு அக்காள் தங்கை பாசமே காரணம் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. தெருவுக்குத் தெரிந்த காரணம் வேறு. ஒருத்தி கத்தும்போது மற்றவளின் கத்தல் இன்னும் வழியில் இருந்தது, அவ்வளவுதான்.

சின்னவளின் குரல் அவள் பேசிச் சற்று நேரம் கழித்துத்தான் கேட்கும். பிறந்தபோதே அப்படி. குழந்தை அழவில்லையே என்று நர்ஸ் பதறி டாக்டரைக் கூட்டி வந்தபோது குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது, அழுகை மட்டும் தொட்டிலுக்கு மேலே தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சாதாரண நாளில் ஒரு தும்மலுக்கு ஆகிற நேரம் பிந்தும், மழை நாளில் கொஞ்சம் கூடும், கோபமோ பயமோ வந்துவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீரை ஆற அமரக் குடித்து முடிக்கலாம். ரயில்கூடத்தான் தாமதமாக வருகிறது, அதை யாரும் டாக்டரிடம் காட்டுவதில்லை என்று அவர்களுடைய அப்பா வைத்தியத்தை அதோடு நிறுத்திவிட்டார். போனில் பேசினால் எதிர்முனையில் இரண்டு ஹலோ சொல்லி வைத்துவிடுவார்கள். ஒருமுறை சம்பந்தம் பேச வந்தவர்கள் பையனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டு, பதில் இல்லாததால் முகம் சுண்டி எழுந்து போனார்கள். அவர்களுடைய கார் தெருமுனையில் திரும்பிய பிறகு "பிடிச்சிருக்கு" என்ற சொல் வாசலில் கேட்டது. இனி அது யாருக்கும் ஆகாது என்று பெரியவள் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு சின்னவள் கல்யாணப் பேச்சையும் எடுக்கவில்லை, கோர்ட்டுப் பக்கமும் போகவில்லை. நாற்பதை நெருங்கும்வரை ஒப்பந்தங்களும் பத்திரங்களும் எழுதிக்கொண்டு, பேசத் தேவையில்லாத வக்கீலாகக் காலத்தை ஓட்டினாள்.

பெரியவள் தன் புருஷனோடு சேர்ந்து தெருக்கோடியில் இரும்புப் பட்டறை வைத்திருந்தாள். சத்தமே போடாத ஒரு கதவுக் கீலை அவள் கண்டுபிடித்திருந்தாள். தெருவிலேயே உரத்த குரல்காரி இப்படி ஒன்றைச் செய்தாளே என்று சிரிக்காதவர்கள் இல்லை, ஆனால் குழந்தை தூங்கும் வீட்டிலெல்லாம் அந்தக் கீல்தான் இருந்தது. அவளுடைய பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்று உண்டு. அதன் தாடையில் ஒரு பக்கம் உடைந்து, மிச்சம் ஒற்றைப் பல் மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பல்லுக்கு இடம் விடுவதற்காகப் பெரியவள் ஒவ்வொரு கீலின் ஓரத்திலும் பிறை போல ஒரு வெட்டு வெட்டிக்கொள்வாள். வேறு வைஸ் வாங்கித் தொலையேன் என்று சின்னவள் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. உன் குரலை மாத்து, நான் வைஸை மாத்தறேன் என்பதே அதற்குப் பதில்.

ஒரு பெரிய பூட்டுக் கம்பெனியின் ஆள் வந்து சில கீல்களை வாங்கிப் போனான். பிறகு அதே கீலுக்குக் கம்பெனி தன் பெயரில் காப்புரிமை வாங்கிக்கொண்டு, தங்கள் எஞ்சினியர் கண்டுபிடித்ததைத் திருடிச் செய்வதை உடனே நிறுத்த வேண்டும் என்று பெரியவளுக்கே நோட்டீஸும் விட்டது. அந்தக் காப்புரிமையை ரத்து செய்ய வைக்காவிட்டால் பெரியவள் தன் கீலைத் தானே செய்ய முடியாது, பட்டறையை மூட வேண்டியதுதான். இந்தத் துறையில் பேரெடுத்த வக்கீல்கள் எல்லோரும் எப்போதாவது அந்தக் கம்பெனிக்கு வாதாடியவர்களாகவே இருந்தார்கள். கடைசியில் மிஞ்சியது வீட்டுக்குள் இருந்த வக்கீல். காப்புரிமை வழக்குகளை விசாரிக்கிற நீதிமன்றத்தில் நின்று பேசுவதற்குத் தனிப் பயிற்சி முடித்த சான்று வேண்டும் என்பது விதி. பெரியவள் விடிய விடியத் திட்டினாலும் சின்னவள் அந்தப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள்.

பயிற்சிக் கூடம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. மருந்து வாசனை படியேறி வரும். உள்ளே நீதிபதிக்கு ஒரு உயரமான மேசை, கூண்டுக்குப் பதிலாகத் திருப்பிப் போட்ட நாற்காலி, சுவரோரம் அலமாரி நிறைய அசலும் நகலுமாகப் பொருள்கள்: பேனா, சீப்பு, ஷாம்பூ பாட்டில், குடைக் கைப்பிடி. எது எதைப் பார்த்துச் செய்தது என்று வாதாடிப் பழகுவதற்காக அவை. நடத்தியவள் சின்னவளைவிட வயதில் குறைந்தவள், மணிக்காரி என்று பெயர் வாங்கியவள். குறுக்கு விசாரணைப் பழக்கத்தில் யாராவது தவறாகக் கேள்வி கேட்டால் மேசைமேல் இருக்கும் மணியை டங்கென்று அடிப்பாள். ஒரு கேள்விக்குள் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். பதில் தெரிந்த கேள்வியைத்தான் கேட்க வேண்டும். ஆமாம், இல்லை என்பதைத் தாண்டிச் சாட்சிக்கு இடம் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன், எதற்கு என்று வாய் தவறியும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சாட்சி தன் கதையை விரித்துப் பாய் போட்டு உட்கார்ந்துவிடுவான். முதல் வாரங்களில் கீழே மருந்து வாங்க வந்தவர்கள் மேலே சைக்கிள் கடை இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவு மணிச் சத்தம்.

சின்னவள் முதல் தடவை எழுந்து கேட்டபோது மணிக்காரிக்கு எதற்கு அடிப்பதென்று தெரியவில்லை. உதடு அசைந்தது, பிறகு அமைதி. சாட்சியாக நடித்தவர் ஒரு வக்கீல், தடித்த மனிதர், ஷாம்பூ கம்பெனி முதலாளி வேஷம். அவர் அந்த அமைதியைப் பொறுத்துப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பாட்டிலின் வளைவை எங்கே பார்த்தோம் என்பதை அவராகவே சொன்னார். அமைதி தொடரவே, பயிற்சித் தாளில் இல்லாத இன்னொரு சங்கதியையும், அதாவது பக்கத்து வீட்டுக்காரரின் ஏணியை வாங்கி வந்து திருப்பித் தராமல் வைத்திருப்பதையும் ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான் சின்னவளின் கேள்வி வந்தது. அவர் பெயர் என்னவென்றுதான் கேட்டிருந்தாள். மணிக்காரி மணியின்மேல் வைத்த கையை எடுத்துவிட்டாள். மறுநாள் எல்லோரையும் கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகச் சொன்னாள். ஒருவராலும் முடியவில்லை. வக்கீலுக்கு வாயை மூடுவது மூச்சை அடக்குவதைவிடக் கஷ்டம் என்று அந்த வாரம் தெரிந்தது.

ஆட்சேபணைதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. எதிர்த்தரப்பு தகாத கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் தடுக்க வேண்டும். சின்னவளின் தடுப்பு வரும்போது அடுத்த சாட்சியே வந்துவிடுவார். "கேட்ட பிறகு தடுக்க உங்களால முடியாது. கேக்கறதுக்கு முன்னாடியே தடுத்துடுங்க" என்றாள் மணிக்காரி, எரிச்சலில் சொன்னாளோ யோசித்துச் சொன்னாளோ. சின்னவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். எதிரே நிற்பவர் எந்தக் காலில் சாய்கிறார், எந்தத் தாளைத் தொடுகிறார், எப்போது மூச்சு இழுக்கிறார் என்று பார்த்து, அவர் மனதில் கேள்வி முளைக்கும்போதே ஆட்சேபித்து அனுப்பினாள். கேள்வி முடியவும் குரல் வந்து சேரவும் சரியாக இருக்கும். சில சமயம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுவார். அப்போது கேட்காத கேள்வியின்மேல் "அப்ஜெக்‌ஷன்" வந்து விழும். தன் மனதைப் படித்துவிட்டாளே என்று அவருக்கு வியர்க்கும். அடுத்தவர் பேசுவதை அந்த அளவுக்குக் காது கொடுத்துக் கேட்ட வக்கீலை அந்தக் கூடம் அதற்கு முன் பார்த்ததில்லை. பழக்க விசாரணைகளைக் குறித்துக்கொள்ள நீதிமன்றத்துச் சுருக்கெழுத்துக்காரர் ஒருவர் மாலையில் வருவார், வாய் அதிகம் பேசாத மனிதர். அவர் சின்னவளின் உதடு அசைந்ததும் தாளில் ஒரு வரி காலியாக விட்டுவிட்டு மேலே எழுதுவார், குரல் வந்ததும் அதை நிரப்புவார். சின்னவளிடம் "என்னது?" என்று ஒருமுறைகூடக் கேட்காத ஆண்பிள்ளை அவர் ஒருத்தர்தான் என்பதைத் தெரு உடனே கவனித்தது, சின்னவள் கொஞ்சம் பிந்திக் கவனித்தாள்.

வழக்கு விசாரணைக்கு வந்த நாளில் பெரியவள் முதல் வரிசையில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்காரியும் வந்திருந்தாள், மணியில்லாமல். கம்பெனி எஞ்சினியர் கூண்டேறினார். ஆமாம், இல்லை தவிர வாயைத் திறக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். சின்னவள் திட்டமெல்லாம் வைத்திருந்தாள். இந்த வெட்டு கதவு மூடும்போது வேலை செய்வதில்லை, சரிதானே? திறக்கும்போதும் இல்லை, சரிதானே? இப்படி ஒவ்வொரு படியாக இறக்கிக் கொண்டுபோக வேண்டும். ஆனால் கம்பெனி செய்த பளபளப்பான கீலைக் கையில் எடுத்து, அதன் ஓரத்தில் அந்தப் பிறை வெட்டு அச்சு அசலாக இருப்பதைத் தொட்டதும், அந்த வெட்டைப் போட்டுப் போட்டுக் காயம்பட்ட அக்காளின் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. படித்ததெல்லாம் மறந்து, கேட்கவே கூடாத கேள்வி வாயைவிட்டுப் போய்விட்டது. உதட்டசைவைப் பார்த்த மணிக்காரியின் கை மணியைத் தேடிப் பக்கத்தில் இருந்தவரின் முழங்காலில் அடித்தது. சின்னவளுக்கும் தெரிந்துவிட்டது. அனுப்பியதைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. பயத்தில் குரல் இன்னும் பிந்தும் என்பது மட்டும்தான் மிச்சம்.

மின்விசிறி சுற்றியது. எஞ்சினியர் காத்திருந்தார். வக்கீலம்மாவின் விரல் அந்த வெட்டின்மேல் இருப்பதையும், அவள் தன்னையே பார்ப்பதையும் பார்த்தார்.

"அது வந்து, எண்ணெய் தங்கறதுக்கு" என்றார். அமைதி. "தங்கறதுன்னா, வழியறதுக்கு." நீதிபதி முன்னால் குனிந்தார். சின்னவளின் உதடு மறுபடி அசைந்தது, சத்தமில்லை. "வெயிட் குறையும்ங்க" என்ற எஞ்சினியர் கம்பெனி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேசையைப் பார்த்தார். அந்த அமைதி எஞ்சினியரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். "உண்மையைச் சொல்லணும்னா அதுக்கு வேலையே இல்லைங்க. மாதிரியில இருந்தது, நாங்களும் வெச்சோம்."

"எந்த மாதிரியில?" என்று நீதிபதியே கேட்டார்.

"அந்த அம்மா பட்டறையில வாங்கினதுல."

அப்போதுதான் சின்னவளின் குரல் சாவகாசமாக வந்து சேர்ந்தது: "இந்த வெட்டு எதுக்கு?"

கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். கேள்வியே கேட்காமல் வந்த பதில் சாட்சியம் ஆகாது என்று அவர் சொல்லி முடிக்கவும், சின்னவள் எப்போதோ அனுப்பி வைத்திருந்த மறுமொழி கேட்கவும் சரியாக இருந்தது: "கேள்வி கேட்டாச்சுங்க ஐயா. வந்துகிட்டு இருந்தது." நீதிபதி சுருக்கெழுத்துக்காரரைப் பார்த்தார். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். பதிலுக்கு மேலே காலியாக விட்டிருந்த வரியில் கேள்வி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. கேள்வி கேட்டது முதலில், காதில் விழுந்தது பிறகு, சட்டத்தில் இதற்குத் தடை எதுவும் கண்ணில் படவில்லை என்று நீதிபதி பதிவு செய்யச் சொன்னார். அடுத்த தடவை அந்த வைஸைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கோர்ட்டுக்கே கொண்டு வந்தார்கள். நீதிபதி இறங்கி வந்து கம்பெனி கீலை அதில் தன் கையாலேயே மாட்டிப் பார்த்தார். ஒற்றைப் பல்லும் பிறை வெட்டும் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தின. காப்புரிமை ரத்தாயிற்று. பெரியவள் அங்கேயே சின்னவளைக் கட்டிக்கொண்டு, "தொண்டையைச் சொன்னேன்ல, வாபஸ்" என்றாள். வாழ்க்கையில் அவள் மெதுவாகப் பேசியது அந்த ஒருமுறைதான்.

அதற்குப் பிறகு சின்னவள் நிற்கிற வழக்கென்றால் சாட்சிகள் கூண்டேறும்போதே பாதியைச் சொல்லிவிட்டு இறங்குவதாகப் பேச்சு. கோர்ட்டில் யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. அவள் எழுந்தால் நீதிபதிகள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிறார்கள், அது முடியவும் கேள்வி வரவும் சரியாக இருக்கும். எஞ்சினியர் கம்பெனி வேலையை விட்டுப் பெரியவளின் பட்டறையில் வந்து சேர்ந்தார். அவர் கைக்கு முதலில் கொடுக்கப்பட்ட வேலை அந்தப் பிறை வெட்டுப் போடுவதுதான். பெரியவளும் அவள் புருஷனும் பட்டறையை ஊருக்கு வெளியே பெரிய இடத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள், வைஸையும் சேர்த்து. மணிக்காரி வேறு நகரத்துக்குப் போய் அங்கே பயிற்சிக் கூடம் நடத்துகிறாள். மேசையில் மணி இல்லையாம், ஒரு டம்ளர் தண்ணீர்தானாம்.

சின்னவள் சுருக்கெழுத்துக்காரரைக் கட்டிக்கொண்டாள். பதிவாளர் சம்மதமா என்று கேட்டபோது அவள் உதடு அசைந்தது. மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, பேனாவை மூடாமல் காத்திருந்தார். குரல் வந்த பிறகு போட்டார். அவர்கள் இந்தத் தெருவைவிட்டுக் குடிபோன அன்றைக்குச் சின்னவள் காரில் ஏறி உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்து ஏதோ சொன்னாள். கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. "போயிட்டு வரேன்" என்று வாசலில் கேட்டது. அதுவரை யாரும் வீட்டுக்குள் போயிருக்கவில்லை. "சரி, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.