நாளைக்குப் போய்ச் சேரும் பதில்

என் அக்கா பூங்கோதை விண்கலமாக வேலை பார்க்கிறாள். நிரந்தரப் பணி. சேர்ந்த அன்றே கிளம்பியவள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள்.

அவள் பேச்சை எங்கள் மலைமேல் இருக்கும் பெரிய கிண்ண ஆன்டெனாதான் பிடித்துத் தருகிறது. அவள் சொல்வது இங்கே வந்துசேர ஒரு நாள் ஆகும். வரும்போது கொசுவின் மூச்சைவிட மெலிந்திருக்கும். அதனால் நிலையத்துக்குள் யாரும் சத்தம் கொண்டுவரக் கூடாது. வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பசியோடு வந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

இன்று கடைசித் தொடர்பு. அக்காவிடம் மின்சாரம் தீர்ந்துகொண்டிருக்கிறது. கண்களை எப்போதோ அணைத்துவிட்டாள். இனி காதையும் அணைக்க வேண்டும். தம்பி என் பதிலைக் கேட்டுவிட்டு அணைப்பதாகச் சொல்லியிருந்தாள்.

காவலாளி என் வயிற்றில் காது வைத்துப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"சாப்டாச்சா?"

"ஆச்சுண்ணே."

பொய்தான். கேன்டீன் நடைகூடத்தின் மறுகோடியில் இருக்கிறது. அக்கா விலகிப் போகப் போக நடைகூடமும் நீள்கிறது. சாப்பிடப் போனால் அவள் பேச்சு வந்து கடந்துபோயிருக்கும்.

உள்ளே ஜெபமணி மேடம் இருந்தார். கிண்ணத்தைத் திருப்புவது அவர் வேலை.

"இப்ப அக்கா இருக்கற பக்கமா மேடம் திருப்பியிருக்கீங்க?"

"இல்ல. நேத்து இருந்த பக்கம். கேக்கறதுக்கு நேத்து இருந்த இடம். பேசறதுக்கு நாளைக்கு இருக்கப்போற இடம்."

அக்கா இப்போது இருக்கும் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது.

ஸ்பீக்கரில் "தம்பி" என்று கேட்டது. அந்த நேரம் பார்த்து என் வயிறு கத்திவிட்டது. அறை முழுவதும் இரைச்சல்.

"யார் வயிறு?"

"என்னோடதுதான் மேடம்."

"அவங்க சொன்னதுல பாதி போச்சு."

என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டேன். மிச்சம் வந்தது.

"...இங்க சூரியனோட காத்து நின்னுபோச்சுடா. வேற காத்து அடிக்குது. குளிருது. அது கெடக்கட்டும். நீ சாப்டியா?"

அவ்வளவுதான். மேடம் கிண்ணத்தை நாளையின் பக்கம் திருப்பினார். மைக்கை என் முன்னால் வைத்தார்.

"ஒரே ஒரு பதில்தான் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசித்து வைத்திருந்தது வேறு. நீ போனபிறகு என்னைத் திட்ட வீட்டில் ஆளில்லை என்று சொல்ல வந்தேன். ஆனால் கேட்டதற்குப் பதில் வராவிட்டால் அவள் காதை அணைக்கமாட்டாள். குளிரில் காத்துக்கொண்டே இருப்பாள். அவளை எனக்குத் தெரியும்.

"சாப்டேன்க்கா" என்றேன்.

மேடம் பொத்தானை அழுத்தினார். சொல் கிளம்பிவிட்டது.

"சாப்பிடலதானே?"

"இன்னும் இல்ல மேடம். ஆனா அது நாளைக்குத்தானே போய்ச் சேரும்?"

மேடம் எழுந்துபோய் நடைகூடத்தின் கதவைத் திறந்துவிட்டார். மறுகோடியிலிருந்த கேன்டீன் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. நின்று அழ நேரமில்லை. ஓடத் தொடங்கினேன்.