எதிர்ப் பக்கத்து முடிச்சுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மில்லிமீட்டர் மூன்றாவது தடவையாகப் பாயைக் கழற்றினார். பெரிய பாய்தான், கப்பலிலேயே பெரியது. பெரியது என்றால் உள்ளங்கை அகலம். கப்பலே வீட்டில் செய்த மாதிரிக் கப்பல், சாப்பாட்டு மேஜையில் ஒன்றரை முழம்தான் வரும்.

மில்லிமீட்டர் என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். முப்பத்தாறு வருஷம் கட்டட வரைபடம் வரைந்தவர். ஒரு சுவர்க்கோடு இம்மி நகர்ந்துவிட்டாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். கூட இருந்தவர்கள் கேலிக்கு வைத்த பெயரை மனிதர் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டார். அவர் மனைவி ஆபரேஷன் தியேட்டரில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அந்த அம்மாளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். கட்டிய கணவன் ஒருவரால்தான் அப்படிக் கூப்பிட முடியாது. அதனால் அவர் 'இந்தா' என்று கூப்பிட்டே முப்பத்தெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

இப்போது கூப்பிட ஆள் இல்லை. பத்து நாளில் வருகிறேன் என்று மகன் வீட்டுக்குப் போன சிஸ்டர், எட்டு மாதமாக அங்கேயே இருக்கிறார். கீழ்வீட்டுக்காரர் படியில் பார்க்கும்போதெல்லாம், "சிஸ்டர் எப்ப வராங்க?" என்பார். "அடுத்த வாரம்" என்பார் இவர். இப்படியே முப்பது அடுத்த வாரங்கள் போய்விட்டன. கேஸ் சிலிண்டர் முன்னைவிட இரண்டு மடங்கு நாள் வந்தது. அந்த அதிசயத்தைச் சொல்லக்கூட வீட்டில் ஒரு காது கிடையாது. மேஜைக்கு எதிர்ப்புறம் இருந்த நாற்காலி வெறுமையாகக் கண்ணில் படுவதைப் பொறுக்க முடியாமல், அதன்மேல் பழைய பேப்பர்களை அடுக்கி வைத்தார். பிறகு பெயின்ட் டப்பாக்கள் ஏறின. பிறகு துணிகள்.

பாய்க்கு வருவோம். பலமுறை துவைத்து நூல் இளகிய வெள்ளைத் துணி. அதைக் குறுக்குக்கழியில் கட்டி, கழியைப் பாய்மரத்தில் ஏற்றி, கீழ் முனைகள் இரண்டையும் கயிறு போட்டு இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஒரு முனை தளத்தை உரசியது. இன்னொரு முனை தூக்கிக்கொண்டு நின்றது. முதல் தடவை தையல் தப்பு என்று பாயைத் திட்டிவிட்டுப் புதிதாகத் தைத்தார். இரண்டாவது தடவை துணி சுருங்கிவிட்டது என்று துணிக்கடைக்காரரைத் திட்டினார். இப்போது திட்டுவதற்கு மிச்சம் இருந்தது மேஜைதான். மேஜைமேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

"நீயும் ஒழுங்குதான்," என்று மேஜையிடம் சொன்னார்.

கடைசியில், வேண்டா வெறுப்பாக, ஒரு நூலில் ஈயக்குண்டைக் கட்டிப் பெரிய மரத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டார். கொத்தனார் சுவருக்குத் தூக்குக்குண்டு பிடிக்கிற மாதிரி. குண்டு ஆடி அடங்கியது. மரம் சாய்ந்திருந்தது. நாலு மில்லிமீட்டர், அவர் உட்கார்ந்திருந்த பக்கமாக.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படிச் சாய்ந்தது என்பது அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாய்மரத்தை இரண்டு பக்கமும் கயிறுகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். பக்கத்துக்கு ஆறு. கயிறுகளுக்குக் குறுக்கே ஏணிப்படி மாதிரி மெல்லிய நூல், ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு, ஆக பக்கத்துக்கு நூற்றெண்பது. கயிறுகளை ஒரே பக்கமாகக் கட்டிக்கொண்டே போகக் கூடாது. இங்கே ஒன்று கட்டினால் அங்கே ஒன்று. இல்லாவிட்டால் கட்டின பக்கம் மரத்தை இழுத்துவிடும். கப்பல் கட்டுகிற பொடியனுக்கும் தெரிந்த விஷயம் இது.

அதற்காகத்தான் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கட்டினார்கள். இவர் இந்தப் பக்கம் ஒரு கயிறு இழுத்துக் கட்டி, "ஆச்சு" என்பார். சிஸ்டர் அந்தப் பக்கம் ஒன்று கட்டி, "ஆச்சு" என்பார். ஓய்வுக்குப் பிறகு இருவரும் அதிகம் பேசிக்கொண்ட வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். டாக்டர்கள் தையல் போடுவதை ஆயிரக்கணக்கில் பார்த்த கண், கற்றுக்கொண்ட கை. சிஸ்டரின் முடிச்சில் ஒரு சுற்று கூடுதலாக இருக்கும். அவிழவே அவிழாது.

ஆனால் இவர் கண்ணுக்கு அந்தக் கூடுதல் சுற்று துருத்திக்கொண்டு தெரிந்தது. நகரத்துக் கண்காட்சிக்குப் பாய் கட்டாமலேயே கப்பலை வைப்பதாக ஏற்பாடு. அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது சிஸ்டர் பழைய தோழியைப் பார்க்க இரண்டு நாள் வெளியூர் போனார். மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. எதிர்ப் பக்கத்துக் கயிறுகள் ஆறையும் மொத்தமாக அறுத்துப் போட்டுவிட்டு, நூற்றெண்பது முடிச்சையும் தன் கையால் போட்டார். ஒரு பக்கம் இறுகி நிற்க, மறு பக்கத்தை மொத்தமாக அறுத்தால் மரம் எந்தப் பக்கம் போகும் என்று மில்லிமீட்டருக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு அவர் மரத்தைப் பார்க்கவில்லை. முடிச்சுகளை மட்டும் பார்த்தார்.

சிஸ்டர் திரும்பி வந்து, கண்ணாடியைப் போட்டுக் கப்பலை ஒரு தடவை பார்த்தார்.

"இது நான் கட்டினதா?"

"பின்னே? உன்னுதுதான்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காப்பி போடப் போனார். கண்காட்சியில் ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் கப்பு கிடைத்தது. அடுத்த வாரம் சிஸ்டர் மகன் வீட்டுக்குப் போனார்.

இத்தனையும் நினைவுக்கு வந்ததும் மில்லிமீட்டருக்குக் கண் எரிந்தது. எட்டு மாதமாக மருமகளைக் குறை சொன்னார், பேத்தியின் சளியைக் குறை சொன்னார், மகன் வீட்டு மாடிக்காற்றைக்கூடக் குறை சொன்னார். பாயைத் திட்டினதும் கடைக்காரரைத் திட்டினதும் போலத்தான்.

பிளேடை எடுத்தார். முதலில் தன் பக்கத்துக் கயிறு ஒன்று, பிறகு எதிர்ப் பக்கத்தில் ஒன்று. இந்தத் தடவை ஒழுங்காக மாற்றி மாற்றி அறுத்தார். "ஆச்சு" என்று வாய் தானாக வந்தது. பதில் வரவில்லை. பன்னிரண்டு கயிறும் விழுந்தபோது மரம் மெல்ல நிமிர்ந்தது. மொட்டையாக, எந்தப் பிடிப்பும் இல்லாமல், ஆனால் நேராக நின்றது.

பதினோரு மணிக்கு வழக்கம்போல் சிஸ்டரிடமிருந்து போன் வந்தது.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"பிரஷர் மாத்திரை?"

"ஆச்சு." வழக்கமாக இதோடு பேச்சு முடியும். "இந்தா, வச்சிடாத. ஒரு விஷயம்."

"என்ன?"

"மரம் சாஞ்சிருக்கு. நாலு மில்லி."

அந்தப் பக்கம் பேத்தி ஏதோ பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். "எந்தப் பக்கம்?" என்றார் சிஸ்டர்.

"என் பக்கம்தான். உன் கயிறை எல்லாம் நான்தான் அறுத்தேன். நீ ஊருக்குப் போனப்ப."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா? நல்லா கேளுங்க. அறுத்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. உங்க கிறுக்கு எனக்கு என்ன புதுசா? ஆனா உன்னுதுதான்னு சொன்னீங்க பாருங்க. கண்காட்சில வர்றவங்க எல்லாம், ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினீங்களாம்மான்னு கேக்கறாங்க. அதுல என் முடிச்சு ஒண்ணு இல்ல. நான் பல்லைக் காட்டிக்கிட்டு ஆமா ஆமான்னு சொல்லிட்டு நிக்கிறேன். ரெண்டு நாள் நின்னேன்."

மில்லிமீட்டருக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்தாறு வயதில் அப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவர் நினைத்ததில்லை.

"தப்புதான்," என்றார். "இப்ப ரெண்டு பக்கமும் அறுத்துட்டேன். மொத்தமும்."

"மொத்தமுமா? ஐயோ, முந்நூத்தி அறுபது முடிச்சு."

"மரம் நேரா நிக்குது. ஆனா ஒரு கயிறு இல்ல. நான் மட்டும் கட்டினா மறுபடி சாஞ்சிடும்."

போனில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"என் நாற்காலி மேல என்ன வச்சிருக்கீங்க?" என்றார் சிஸ்டர்.

'ஒண்ணுமில்லையே' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மில்லிமீட்டர் அதை விழுங்கிவிட்டு எதிர் நாற்காலியைப் பார்த்தார்.

"பழைய பேப்பர். இடுப்பு உசரத்துக்கு இருக்கு. பெயின்ட் டப்பா அஞ்சு. தோய்க்காத சட்டை, எத்தனைன்னு தெரியல. ஒரு தலகாணி. அப்புறம்… அந்த பிளாஸ்டிக் கப்பு."

"எல்லாத்தையும் எடுங்க," என்றார் சிஸ்டர். "முதல்ல அந்தக் கப்பை எடுங்க."