பதினேழாம் இலக்கு

எங்கள் கல்வி அலுவலகத்தில் இலக்குகள் பிறக்கும், சாவதில்லை. ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, மாவட்டப் பள்ளிகளுக்கான புதிய இலக்குகளைத் தயாரிக்கும் வேலை என் தலையில் விழும். பெரிய வேலை ஒன்றுமில்லை. போன வருடக் கோப்பைத் திறந்து ஆண்டை மாற்ற வேண்டும். எண்பத்தைந்து சதவீதம் என்று இருக்கும் இடத்தில் தொண்ணூறு போட வேண்டும். அதிகாரி ஏதோ கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்த இரண்டு மூன்றைக் கடைசியில் சேர்க்க வேண்டும். பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். நான் சேர்ந்தபோது ஒன்பது இலக்குகள் இருந்தன. போன வருடம் நாற்பத்தாறு.

இலக்குக்கு ஒரு படிவம் உண்டு. அதை நிரப்புகிறவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி என் மனைவி.

அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். வருடா வருடம் பிள்ளைகள் மாறுவார்கள், கணக்கு மாறாது: வகுப்பில் நாற்பத்தொரு பேர். அதில் ஒன்பது பேருக்கு எழுத்துக்கூட்டவே வராது. அவர்களை மட்டும் வாரத்தில் மூன்று நாள் வாசிப்பு டீச்சர் தனி அறைக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். இதெல்லாம் பதினேழாம் இலக்கின் கீழ் வருகிறது. 'மூன்றாம் வகுப்பு மாணவரில் தொண்ணூறு சதவீதத்தினர் சரளமாக வாசித்தல்.' அதற்கான படிவத்தில், ஒவ்வொரு பிள்ளையும் நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறது, எங்கே தடுமாறுகிறது, போன வாரத்தைவிடத் தேவலையா என்று பன்னிரண்டு கட்டங்கள். நாற்பத்தொன்றைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். அதுவும் வாரா வாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பதினேழுதான். தட்டு வைக்க இடம் கேட்டால் முறைப்பாள். அந்தக் கட்டங்களைப் போட்டவன் நான்தான் என்பது அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் நான் நியாயமாகத் திட்டு வாங்குவது அந்த ஒன்றுக்காக மட்டும்தான்.

இந்த வருடம் விடுமுறை முடியப் பத்து நாள் இருக்கும்போது, துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, அந்தப் பதினேழை மட்டும் எடுத்துடுங்களேன்."

"இலக்கையா? எடுக்கறதா?"

"ஏன், நகைநட்டா கேட்டேன்? கண்ணெல்லாம் எரியுதுங்க. பாடம் நடத்தறதுக்கு எனக்குத் தெம்பு இருக்கு, பாடம் நடத்தினேன்னு எழுதறதுக்குத்தான் இல்ல. இன்னொரு வருஷம் சத்தியமா என்னால முடியாது."

அவள் லேசில் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பார்க்கிறேன் என்றேன்.

எங்கள் தலைமை எழுத்தரைக் கோந்து என்போம். எந்தக் கோப்பு போனாலும் அவர் கையில் ஒட்டிக்கொள்ளும். விதியெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"நீக்கறதுக்கு வழியே கிடையாதுப்பா," என்றார். "இந்த இலக்கு வேண்டாம்னு எவன் கையெழுத்துப் போடுவான்? பிள்ளைங்க படிக்கவே வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? ஒரே வழிதான் இருக்கு. எட்டியாச்சுன்னு குறிப்பு எழுது. தானா விழுந்துடும்."

"எட்டலையே."

"போன வருஷம் தொண்ணூறு சதவீதம்னு யாரு போட்டது? நீதானே? அதைப் போட்ட கை இதைப் போடாதா?"

நான்தான். அதற்கு முந்தின வருடம் எண்பத்தைந்து இருந்ததால் போட்டேன்.

நான்கு வரியில் குறிப்பு எழுதினேன். 'தொடர் முயற்சிகளின் பயனாகப் பதினேழாம் இலக்கு மாவட்டம் முழுவதும் எட்டப்பட்டது.' அதிகாரி அன்றைக்கு ஐந்தாவது கூட்டத்தை முடித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். படித்துப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்டார். பொய் எழுதியவனுக்கு இருக்க வேண்டிய உறுத்தல் எனக்குத் துளிகூட இல்லை. ஒரு காகிதம் ஒழிகிறது, அதனால் எந்தப் பிள்ளைக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் அதிகாரி அதை வாசித்ததும் மண்டபமே கைதட்டியது. எட்டப்பட்ட இலக்கு என்ற ஒன்றை யாரும் அதற்குமுன் கண்ணால் பார்த்ததில்லை. டீச்சர்கள் தட்டியது படிவம் தொலைந்த சந்தோஷத்தில். என் மனைவி மூன்றாம் வரிசையில் இருந்தாள். நான் அதிகாரியிடம் சொல்லிவைத்திருப்பேன், எட்டியதாக எழுதியது வேறு யாரோ என்று அவள் நினைத்திருப்பாள்; நானும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "இந்த ஃபேன் இவ்வளவு சத்தம் போடுமா? இத்தனை நாளா தெரியலையே," என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று நானே தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை, என் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். கையில் ஒரு உத்தரவோடு வந்து நின்றவர், என் மனைவி பள்ளிக்கூடத்து வாசிப்பு டீச்சர்.

"சார், இங்கதான் உக்காரச் சொன்னாங்க."

உத்தரவை வாங்கிப் பார்த்தேன். பதினேழாம் இலக்கு எட்டப்பட்டுவிட்டதால், அதற்கென இருந்த வாசிப்பு ஆசிரியர்கள் ஆறு பேரும் நாற்பத்தேழாம் இலக்கான பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணிக்கு மாற்றப்படுகிறார்கள். பார்வை என்ற இடத்தில் என் குறிப்பின் எண்ணும் தேதியும் இருந்தன.

"எட்டியாச்சாமே சார்," என்றார் அந்த அம்மாள், கணினியை எங்கே தொடுவது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே. "வெள்ளிக்கிழமைகூட அந்த ஒம்பது பேருல ஏழு பேரு 'மரம்'ங்கற சொல்லைத் தாண்டலை. ரெண்டு பொண்ணுங்க இப்பத்தான் வாயத் திறக்கவே ஆரம்பிச்சுதுங்க. யாரு சார் வந்து பாத்தது?"

நான் கீழ் இழுப்பறையில் எதையோ தேடுகிறவன்போல் குனிந்துகொண்டேன். அங்கே ஒன்றும் இல்லை. வெட்கமாக இருந்தது. இந்த வயதில், ஒரு மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு வெட்கம்.

மத்தியானம் அதிகாரியிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாத மனிதர்.

"கைதட்டியாச்சு. மேலிடத்துக்கு அறிக்கை போயாச்சு," என்றார். "இப்ப எட்டலைன்னு சொன்னா, முன்னாடி எப்படி எட்டினதுன்னு கேப்பாங்க. அடுத்த வருஷ இலக்குல புதுசா சேத்துக்கலாம். நீங்களே எழுதிக் கொண்டாங்க."

"அது வரைக்கும் சார்?"

"டீச்சருங்க இருக்காங்கல்ல."

"நான் எழுதினது பொய்னு கைப்பட எழுதித் தரேன் சார்."

"தாங்க. ஆனா எதுல வைக்கிறது? பதினேழாம் கோப்பை மூடியாச்சே."

எழுதிக் கொடுத்தேன். அவர் மேஜையில் இருந்த காகிதக் குவியலின் மேல் வைத்துவிட்டு வந்தேன். கோந்து என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனபோது என் மனைவி சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்த ஒன்பது பேரையும் அவளே உட்காரவைத்துப் பார்த்தாளாம். அரைமணி நேரத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் கிடைத்ததாம். அவள் சாப்பிட நேரம் கிடைக்கவில்லை.

"அந்த டீச்சரைத் தூக்கிட்டாங்கங்க. பிள்ளைங்க பையை எடுத்துட்டுப் போய் அந்தப் பூட்டின ரூம் வாசல்ல நிக்குதுங்க. எட்டியாச்சுன்னு எந்தப் புண்ணியவான் எழுதினானோ, அவன் கையில..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"நான்தான்," என்றேன்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டேன்னா எழுதினீங்க?"

"ஆமா."

திட்டியிருந்தால் தேவலை. குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"பொய் எழுதித்தான் எடுக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்றாள், திரும்பாமலே, "நான் அந்தப் படிவத்தை எழுதியிருப்பேங்க. நாப்பத்தொரு பேருக்கும். ரிட்டையராகற வரைக்கும் எழுதியிருப்பேன்."