ஓட்டை விடாத பம்பர்

கிரானில் நெல் செய்கிற நல்லரத்தினத்தின் ஜீப்பில், பின்பம்பருக்குள், கல்லடி உதயரூபனின் மகள் ஆர்த்திகாவின் குரல் இருக்கிறது. ஜீப் குழியில் விழுந்து எழும்பினால் கேட்கும். நல்ல வீதியில் கேட்காது. எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் அறிந்த சங்கதிதான். வெளியூர்க்காரர் ஆளுக்கொரு கதை கட்டித் திரிவதால், நடந்ததை நடந்தபடி ஒருமுறை சொல்லி வைப்பது நல்லது.

யுத்த நிறுத்தக் காலம் அது. இரும்பு தாராளமாக வந்தது, மனிதரும் தாராளமாகச் சிரித்தார்கள். நல்லரத்தினத்தின் வயல்கள் கிடந்த வட்டைக்கு மாரியில் போவதென்றால் அச்சு மூழ்கச் சேறு. ஒருநாள் அதில் புதைந்த ஜீப்பை உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுத்தார்கள். பம்பர் மட்டும் உழவு இயந்திரத்தோடு போய்விட்டது, ஜீப் சேற்றிலேயே நின்றது. கூலிக்கு வந்தவர்கள் வயிறு நோகச் சிரித்தார்கள். மனுசனுக்கு ரோசம் வந்துவிட்டது. மறுநாளே கல்லடிப் பாலத்தடியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த உதயரூபனிடம் வந்து, யானை கட்டி இழுத்தாலும் கழலாத பம்பர் வேண்டும் என்றார். உதயரூபன் தடித்த இரும்புக் குழாய் எடுத்தான். சேற்றில் முட்டாதபடி இரண்டு முனைகளையும் மேல்நோக்கி வளைத்தான். சேசிஸோடு நேரே பூட்டுவதற்குக் கனத்த தகடு, கீழே இழுவைக் கொழுக்கிகள், கூலியாட்கள் ஏறி நிற்க மேலே வழுக்காத தகடு, எல்லாம் வைத்தான். வேலை அழகாகத்தான் வந்தது. பிணக்கு வந்தது ஓட்டையில்.

இரு முனையும் அடைத்த குழாயில் வெல்டர்மார் ஊசித்துளை அளவுக்கு ஓர் ஓட்டை விடுவார்கள். உள்ளே சூடேறுகிற காற்று அதனால்தான் வெளியே போகும். நல்லரத்தினம் அதற்குச் சம்மதிக்கவில்லை.

“ஓட்டை வேணாம் தம்பி. சேத்துத் தண்ணி உள்ளுக்குப் போனாக் கறள் புடிச்சிரும்.”

“ஓட்டை விடாட்டிக் காத்து எங்கால போறது அண்ணன்?”

“உனக்கு வெல்டிங் தெரியும், எனக்குச் சேறு தெரியும். அடைச்சு விடு.”

அடைத்து விடுவது லேசில்லை. கடைசித் துளையை மூடப் போகும்போதெல்லாம் உள்ளிருக்கும் சூட்டுக் காற்று உருகிய இரும்பைத் துப்பிவிடும். உதயரூபன் குழாயை ஜீப்பில் பூட்டி இரவு முழுக்க ஆற விட்டு, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு காலை, ஒரே பொட்டில் மூடிவிட உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து ஆர்த்திகா பட்டறை வாசலுக்கு வந்தாள். ஏழு வயது. “அப்பா, தேத்தண்ணி ஆறுது, வாங்க” என்றாள். “நீ போ மனே, நான் பின்னால வாறன்” என்றான். சொல்லி முடித்த வாயோடு பொட்டு வைத்தான். துளை மூடிவிட்டது. பிள்ளை கடற்கரைப் பக்கத்தில் இருந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் கடல் வந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற கல்லடியில் ஓடுவதற்கு இடமேது? ஜீப்பையும் அதன் பம்பரைக் கட்டிப்பிடித்திருந்த உதயரூபனையும் தண்ணீர் தூக்கிக்கொண்டுபோய் வாவிக்கரைக் கண்டல் மரங்களில் செருகியது, அவன் உயிர் பிழைத்தான். அவன் மனைவி சுலோஜனா தமக்கையைப் பார்க்க டவுனுக்குப் போயிருந்ததால் தப்பினாள். ஆர்த்திகா கிடைக்கவேயில்லை. ஐயோ, அந்தத் தாய் தேடாத ஆஸ்பத்திரியா, புரட்டாத சடலமா? முப்பத்தோராம் நாள் சடங்குக்கு உறவுகள் வந்தபோது, உடலைக் காட்டினால் படைக்கிறேன் என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

நல்லரத்தினம் ஜீப்பைக் கண்டலிலிருந்து எடுத்துத் திருத்தி ஓட்டிக்கொண்டு போனார். முதலாவது பெரிய குழியில் ஜீப் விழுந்ததும், பின்னாலிருந்து ஒரு பிள்ளை தேத்தண்ணி ஆறுது என்றது. இறங்கிப் பார்த்தார், ஒருவருமில்லை. அடுத்த குழியிலும் அதுவே கேட்டது, பின்னால் வாறன் என்று ஓர் ஆண்குரல் பதிலும் சொன்னது. பதில் சொன்ன குரல் உதயரூபனுடையது என்று அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. அவர் பேய்க்குப் பயந்தவரில்லை. வண்டியைத் திருப்பிக் கல்லடிக்கு வந்து, “புள்ள, உன்ட மகள்ற காத்து என்ட பம்பருக்குள்ள அடைபட்டிருக்கு, வந்து கேள்” என்று சுலோஜனாவைக் கூப்பிட்டார்.

அன்று சுலோஜனா அழுத அழுகையைக் கல்லடி மறக்காது. உதயரூபன் துளைபோடும் மெசினை எடுத்துவந்து, முழுசாகத் திறந்து கேட்போமா என்றான். அவள் பம்பரின் மேல் குப்புற விழுந்து மறித்தாள். “திறந்தா ஒருக்காக் கேக்கும். மறுகா?” என்று கேட்டாள். அவன் மெசினை எடுத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினான். அதன்பின் ஞாயிறுதோறும் அவள் கிரானுக்குப் போய், நல்லரத்தினத்தோடு குழி குழியாகப் போய்வந்தாள். உதயரூபன் ஒருமுறையும் ஏறவில்லை. மகளின் குரலைக் கேட்க அவனுக்கு ஆசைதான். அதற்குப் பின்னால் வருகிற தன் குரலைத்தான் தாங்கமாட்டான்.

பிறகு சண்டை திரும்பி வந்தது. கிரானுக்கு மேற்கே சனங்கள் எழும்பி ஓடினார்கள். நல்லரத்தினம் ஜீப் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார், பம்பரிலும் ஆட்கள் தொங்கினார்கள். வழியில் ஷெல் விழத் தொடங்க, எல்லோரும் ஜீப்புக்கு அடியில் படுத்தார்கள். ஒவ்வொரு ஷெல்லுக்கும் நிலம் அதிர்ந்தது. நிலம் அதிர அதிர முழு ஜீப்பும் எழும்பி விழ, நின்ற இடத்திலேயே பிள்ளை அப்பாவைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த பெண்ணொருத்தி, பொறுக்கமாட்டாமல், “வாறார் மனே, வாறார்” என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாளாம்.

ஒருவழியாக யுத்தம் முடிந்தது. எங்கெங்கோ முடிந்தவர்களின் கணக்கை இங்கே எழுத மனம் வரவில்லை. முடிந்த கையோடு வீதி போட வந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து வடக்கே கண்ணாடி மாதிரிக் காபட் வீதி. சனங்களுக்குச் சந்தோசத்தில் புளுகம் தாங்கவில்லை, சைக்கிள்காரன்கூடக் கையை விட்டு ஓடினான். அந்த வீதியில் பம்பர் வாய் திறக்கவில்லை. சுலோஜனா உள்வீதிக்குப் போனாள். வீதி போடுகிறவர்களும் உள்வீதிக்கு வந்தார்கள். நல்லரத்தினம் ஜீப்பைத் தட்டிப் பார்த்தார், பம்பரில் ஏறிக் குதித்தும் பார்த்தார். முழு ஜீப்பும் விழுந்து எழும்பினால்தான் அது பேசும். கடைசியில் வட்டைக்குப் போகிற வழியில் ஒரேயொரு குழி மிஞ்சியது. சுலோஜனா குடையைப் பிடித்துக்கொண்டு போய் அந்தக் குழிக்குள்ளே உட்கார்ந்துவிட்டாள்.

வேலையைப் பார்க்க வந்திருந்த ஓவசியர் காத்தான்குடி அப்துல் கபூர். நல்ல மனிதர்தான், ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தார் ஆறிக்கொண்டிருந்தது.

“காக்கா, என்ட அண்ணன் மாதிரி நீங்க, இந்த ஒரு குழிய மட்டும் விட்டுத் தாங்க.”

“என்ன புள்ள பேச்சு இது? குழிய மூடத்தானே என்ன அனுப்பியிருக்காங்க!”

“நீங்க இத மூடினா என்ட புள்ள செத்துப் போயிரும்.”

நல்லரத்தினம் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்துல் கபூரை ஜீப்பில் ஏற்றினார். சுலோஜனா எழும்பி விலக, வண்டியைக் குழியில் இறக்கி ஏற்றினார். இறங்கிய ஓவசியர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தங்கச்சி ஜெமீலாவையும் அந்த ஞாயிறு கொண்டுபோயிருந்தது. பிறகு சோக்குக்கட்டி எடுத்து, குழியைச் சுற்றித் தானே வட்டம் கீறி, “இதத் தொடாதீங்கடா” என்று ஆட்களிடம் சொன்னார். தார் வட்டத்துக்கு வெளியே வந்து நின்றுகொண்டது.

மழை பெய்ததும் குழியின் விளிம்பு உடையத் தொடங்கியது. இப்படியே போனால் இன்னொரு மாரியில் குழி தூர்ந்துவிடும் என்று சுலோஜனா வீட்டில் வந்து சொன்னாள். உதயரூபன் எழும்பிப் பட்டறைக்குப் போனான். பம்பரில் மிஞ்சிய அதே தடிப்புக் குழாயை வளைத்து வளையமாக்கி, ஞாயிறன்று கிரானுக்குக் கொண்டுபோய்க் குழியின் விளிம்பில் இறக்கினான். அவன் முழங்காலில் நின்று கடைசிப் பக்கத்தை இறுக்கி முடித்து ஒதுங்கவும் ஜீப் வந்தது. முன்னால் சுலோஜனா இருந்தாள். ஜீப் குழியில் விழுந்தது.

“அப்பா, தேத்தண்ணி ஆறுது, வாங்க.”

உதயரூபன் பம்பரை இரண்டு கையாலும் பிடித்தான். உள்ளேயிருந்து தன் குரல் வருமுன் முந்திக்கொண்டு, “போகாத மனே! இஞ்சயே நில்லு, அப்பாவோட நில்லு!” என்று கத்தினான். பம்பர் தன் பாட்டில், நீ போ மனே, நான் பின்னால வாறன், என்றது.

அன்று தொடங்கி ஒவ்வொரு ஞாயிறும் அவன் அந்தக் குழியடியில் நிற்கிறான். ஜீப் வரும், விழும், பிள்ளை கூப்பிடும். இவன் போகாதே என்பான், பம்பர் போகச் சொல்லும். ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்து நல்லரத்தினம் மறுபடி இறக்குவார். அந்த நேரத்தில் அவ்வழியே வருகிற பஸ்காரர்கள் ஹோர்ன் அடிப்பதில்லை.